திருச்சியில் கவிழ்ந்த அரியணை... நெற்கட்டும்செவலுக்கு வந்த வரி பாக்கி! பூலித்தேவர் ஏன் கட்டவில்லை?

பூலித்தேவர் கதையை எல்லாரும் நெற்கட்டும்செவலில் இருந்துதான் ஆரம்பிப்பாங்க. நாம திருச்சியில் இருந்து ஆரம்பிக்கலாம். அவர் வாழ்க்கையைப் புரட்டிப்போட்ட சம்பவம் அங்கேதான் நடந்தது. அப்போ அவருக்கு இருபதை ஒட்டிய வயசு. அந்தச் சம்பவத்துக்கும் அவருக்கும் நேரடியாக ஒரு சம்பந்தமும் கிடையாது.

மதுரை நாயக்கர்களோட கடைசிக் காலம் அது. தலைநகரம் திருச்சி. விஜயரங்க சொக்கநாத நாயக்கர் வாரிசு இல்லாமல் இறந்துபோக, அவர் மனைவி மீனாட்சி ஆட்சிக்கு வந்தார். அரச குடும்பத்திலேயே இன்னொரு பிரிவு, பங்காரு திருமலை என்பவர் தலைமையில், அரியணை எங்களுக்குத்தான்னு கிளம்பியது. இந்தக் குடும்பச் சண்டைக்குள்ளே ஆற்காடு நவாபின் மருமகன் சந்தா சாகிப் படையோடு நுழைந்தார். ராணிக்குத் துணை நிற்பதாக குர்ஆன் மேல் சத்தியம் செய்தார் என்றும், பட்டுத்துணிக்குள் இருந்தது குர்ஆனே இல்லை, வெறும் செங்கல் என்றும் ஒரு கதை உண்டு. செங்கல் நிஜமோ பொய்யோ, துரோகம் நிஜம். 1736-ல் கோட்டை சந்தா சாகிப் கைக்குப் போனது. சிறைவைக்கப்பட்ட மீனாட்சி விஷம் குடித்து இறந்தார். இருநூறு வருஷத்துக்கு மேல் நீடித்த நாயக்கர் ஆட்சி முடிந்தது.

இன்றைய பாஷையில் சொன்னால், பக்கா ஆட்சிக்கவிழ்ப்பு. அதோட பில் 19 வருஷம் கழித்து, சங்கரன்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு மண் கோட்டை வாசலுக்கு வந்து நின்றது. கொண்டுவந்தவர்கள் வெள்ளைக்காரர்கள்.

யார் இந்தப் பூலித்தேவர்?

முழுப்பெயர் காத்தப்பப் பூலித்தேவர். அப்பா சித்திரபுத்திரத் தேவர், அம்மா சிவஞான நாச்சியார். பிறந்தது 1715 செப்டம்பர் 1 என்று சொல்வது வழக்கம். அரசு விழாவும் அந்தத் தேதியில்தான் நடக்கிறது. புலியோடு மோதிக் கொன்றதால் புலித்தேவர், அதுதான் பூலித்தேவர் ஆச்சுன்னு ஒரு தரப்பு. பூலி என்பதே குடும்பப் பெயர்னு இன்னொரு தரப்பு. இரண்டு எழுத்திலும் ஃபிளெக்ஸ் போர்டு பார்க்கலாம்.

ஊர் பெயருக்கும் இப்படி ஒரு வாய்மொழிக் கதை இருக்கு. வரியாக நெல் கட்ட மறுத்ததால் நெற்கட்டான்செவல், பிற்பாடு நெற்கட்டும்செவல் என்று சொல்றாங்க. செவல் என்றால் செம்மண் நிலம். 2019-ல் தென்காசி தனி மாவட்டமாகும் வரை இந்த ஊர், சங்கரன்கோவில், வாசுதேவநல்லூர் எல்லாமே திருநெல்வேலி மாவட்டம்தான்.

அவர் ராஜா இல்லை, பாளையக்காரர். இந்த வித்தியாசம் முக்கியம். 16-ம் நூற்றாண்டில் நாயக்கர் ஆட்சி தொடங்கியபோது, விசுவநாத நாயக்கரும் அவர் தளவாய் அரியநாத முதலியாரும் நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்தார்கள் என்பது மரபு. பாளையக்காரர் தன் பகுதியில் காவல் பார்ப்பார், வழக்குத் தீர்ப்பார், வரி வசூலிப்பார். வசூலில் மூன்றில் ஒரு பங்கு மதுரைக்கு, ஒரு பங்கு படைச் செலவுக்கு, மிச்சம் அவருக்கு. போர் வந்தால் படையோடு போய் நிற்க வேண்டும்.

விவசாயி பக்கம் நின்று பார்த்தால் இது ஒண்ணும் சொர்க்கம் இல்லை. காவல்கூலி, நெல் பங்குன்னு பாளையக்காரரும் வாங்கத்தான் செய்தார். ஆனால் அவர் அந்த ஊர்க்காரர். மழை பெய்யாத வருஷம் அவருக்கும் தெரியும். கேட்கணும்னா கோட்டை வாசலில் போய் நிற்கலாம்.

மதுரையில் ராஜா இல்லாமல் போனதும் இந்த ஒப்பந்தத்தின் மறுமுனை காலி. யாருக்குக் கட்டுவது? ஏன் கட்டுவது?

கடன் ஒருத்தர் வாங்கினார், வசூல் வேறு ஒருத்தரிடம்

அடுத்த சில வருஷங்களில் திருச்சி கைமாறிக்கொண்டே இருந்தது. 1741-ல் மராட்டியர்கள் பிடித்தார்கள். சந்தா சாகிப்பைக் கைதுசெய்து சதாராவுக்குக் கொண்டுபோனார்கள். 1743-ல் ஹைதராபாத் நிஜாம் வந்தார். அவர் நியமித்த அன்வருதீன் ஆற்காடு நவாப் ஆனார். விடுதலையாகித் திரும்பிய சந்தா சாகிப், பிரெஞ்சுக்காரர்கள் உதவியோடு 1749-ல் ஆம்பூரில் அன்வருதீனை வீழ்த்தினார். அன்வருதீன் களத்திலேயே இறந்தார். அவர் மகன் முகமது அலி திருச்சிக்கு ஓடிவந்து ஆங்கிலேயர்களிடம் உதவி கேட்டார்.

பாண்டிச்சேரி ஒரு பக்கம், சென்னை கோட்டை இன்னொரு பக்கம். யார் நவாப் என்பதை இரண்டு ஐரோப்பிய வியாபாரக் கம்பெனிகள் முடிவுசெய்யும் நிலைமை. கிளைவ் 1751-ல் ஆற்காட்டைப் பிடித்துக் காட்டியது இந்தச் சண்டையில்தான். 1752-ல் சந்தா சாகிப் தலை வெட்டப்பட்டது. முகமது அலி ஜெயித்தார். ஜெயிக்க வைத்த கம்பெனிக்கு அவர் கொடுக்க வேண்டிய போர்ச் செலவு மலைபோல நின்றது. கையில் காசு கிடையாது. ஆனால் கேட்டு வாங்கலாம் என்று காட்டுவதற்கு ஒரு நாடு இருந்தது: மதுரையும் திருநெல்வேலியும்.

திருநெல்வேலிப் பாளையக்காரர்கள் முகமது அலியைப் பார்த்ததுகூட இல்லை. அவர் அவர்களைக் காப்பாற்றியதும் இல்லை. அவர் பதவிக்கு வர ஆன செலவை இவர்கள் நெல் விற்றுக் கட்டணுமாம்! பூலித்தேவர் கட்ட மாட்டேன்னு நின்ற புள்ளி இதுதான். பிற்காலத்தில் அவரை தேசபக்தராக எழுதியவர்கள் இதைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பேசிட்டாங்க. இந்தியா என்ற நாட்டுக்காக அவர் சண்டை போட்டார்னு சொல்வது அவர் காலத்துக்குப் பொருந்தாது. உரிமையே இல்லாத ஆள் வந்து கேட்கிறான் என்பதுதான் அவர் வழக்கு. என்னைக் கேட்டால், வழக்குக்கு அதுவே போதுமான பலம்.

1755: ஹெரான் வந்தார், போனார்

1755 தொடக்கத்தில் கர்னல் அலெக்சாண்டர் ஹெரான் தலைமையில் 500 ஐரோப்பிய வீரர்களும் 2,000 சிப்பாய்களும் தெற்கே கிளம்பினார்கள். நவாபின் அண்ணன் மாபூஸ்கான் குதிரைப்படையோடு கூடவே வந்தார். மதுரை பெரிய எதிர்ப்பு இல்லாமல் விழுந்தது. மதுரைக்குப் பக்கத்தில் கோவில்குடி எனப்படும் திருமோகூர் கோயிலுக்குள் புகுந்த படை, சாமி சிலைகளை அள்ளிக்கொண்டது. திருநெல்வேலி வந்ததும் மதுரை, நெல்லை வசூலை வருஷம் 15 லட்சம் ரூபாய்க்கு மாபூஸ்கானுக்கே குத்தகை விட்டார் ஹெரான். ஒரு நாட்டையே டெண்டர் விட்டு முடித்தாச்சு.

பல பாளையக்காரர்கள் கொஞ்சம் பணம், கொஞ்சம் வாக்குறுதி என்று தள்ளிப்போட்டார்கள். பூலித்தேவர் எதுவும் தரவில்லை. ஹெரான் நெற்கட்டும்செவலுக்கே படையைத் திருப்பினார்.

இங்கே மண் கோட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. கோட்டைன்னதும் வேலூர், செஞ்சி மாதிரி கருங்கல் சுவர் நினைவுக்கு வரும். பாளையக்காரர் கோட்டைகள் பெரும்பாலும் களிமண்ணைக் குழைத்து அடித்து எழுப்பியவை. சுற்றிலும் முள்வேலி, அதைத் தாண்டினால் காடு. கல் சுவரில் குண்டு பட்டால் கல் பிளக்கும். தடித்த மண் சுவரில் பட்டால் குண்டு உள்ளே புதைந்து நின்றுவிடும். ராத்திரியோடு ராத்திரியாக ஓட்டையை அடைத்துவிடலாம். இதை உடைக்கப் பெரிய பீரங்கி வேணும். ஹெரானிடம் அது இல்லை. சாப்பாட்டுப் பொருளும் குறைந்துகொண்டே வந்தது, சிப்பாய்களுக்குச் சம்பள பாக்கி வேறு. கடைசியில் 20,000 ரூபாய் கொடுத்தால் போய்விடுகிறேன் என்கிற அளவுக்கு இறங்கி வந்தார். அந்தப் பணமும் வரவில்லை. படை மதுரைக்குத் திரும்பியது.

திரும்பும் வழியில்தான் நிஜமான அடி. நத்தம் கணவாயில் காட்டுக்குள் காத்திருந்த கள்ளர்கள் ஹெரான் படையை வழிமறித்து அடித்தார்கள், கோயில் சிலைகளையும் மீட்டுக்கொண்டு போனார்கள். அவர்களுக்கு எந்தப் பாளையக்காரரின் உத்தரவும் தேவைப்படவில்லை. சென்னைக்குப் போன ஹெரானை ராணுவ நீதிமன்றம் விசாரித்து வேலையை விட்டே நீக்கியது.

ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க. கிளைவ் ஜெயித்த பிளாசிப் போர் 1757-ல். இது அதற்கு இரண்டு வருஷம் முன்னாடி.

கூட்டணி வைத்தவர், சேராதவர்கள்

ஹெரான் மறுபடி வருவார், இல்லைன்னா வேறு யாராவது வருவார்கள் என்று பூலித்தேவருக்குத் தெரியும். தனியாக நின்றால் ஒவ்வொருத்தராகக் காலி. அதனால் மேற்குப் பாளையங்களை ஒன்றாகச் சேர்த்தார். ஊத்துமலை, சுரண்டை, சேத்தூர், வடகரை, கொல்லங்கொண்டான், தலைவன்கோட்டை என மறவர் பாளையங்கள் பெரும்பாலும் வந்தன. சிவகிரி வரவில்லை. சந்தா சாகிப் தரப்பால் முன்பு தெற்கே விடப்பட்டிருந்த மூன்று பட்டாணியத் தளபதிகள், மியானா, முடேமியா, நபிகான் கட்டாக், இவரோடு கைகோத்தார்கள். திருவிதாங்கூருடனும் உறவு பேசினார். திருநெல்வேலிச் சீமையில் களக்காடு பகுதி மேல் திருவிதாங்கூருக்கும் ஒரு கண் இருந்தது. அவர்கள் வந்தது பூலித்தேவர் மேல் இருந்த பாசத்தால் மட்டுமில்லை.

கிழக்கே நாயக்கர் பாளையங்கள் வரவில்லை. எட்டயபுரம் சேரவில்லை. பாஞ்சாலங்குறிச்சியும் சேரவில்லை. ஆமாம், 44 வருஷம் கழித்து 1799-ல் கயத்தாற்றில் தூக்கு மேடை ஏறிய வீரபாண்டிய கட்டபொம்மனின் அதே பாஞ்சாலங்குறிச்சிதான். அப்போது அங்கே ஆண்டது அவருக்கு முந்தைய தலைமுறை. மறவர், நாயக்கர் என்ற பழைய பகையும் எல்லைத் தகராறும் கம்பெனிக்கு இலவசமாகக் கிடைத்த ஆயுதங்கள். ராமநாதபுரமும் புதுக்கோட்டையும்கூட கம்பெனி பக்கம்தான் போயின.

ஆனாலும் முதல் சுற்று கூட்டணிக்கே. 1755-லேயே களக்காட்டில் திருவிதாங்கூரின் 2,000 வீரர்களோடு சேர்ந்து மாபூஸ்கான் படையைச் சிதறடித்தார்கள். அடுத்த வருஷம் 1756 மார்ச் 21-ல் திருநெல்வேலிக்குப் பக்கத்தில் நடந்த சண்டையில் முடேமியா கொல்லப்பட, கூட்டணி பின்வாங்கியது. அப்புறம் ஒரு ட்விஸ்ட்: வரி வசூலிக்க வந்த மாபூஸ்கானே தம்பியோடு முறைத்துக்கொண்டு பூலித்தேவர் பக்கம் வந்து சேர்ந்தார்! கொஞ்ச காலம் கழித்து சமாதானமாகித் திரும்பியும் போனார். அவரைப் பற்றி இதுக்கு மேல எழுத ஒண்ணும் இல்லை.

எதிரில் வந்தவரும் நம்ம ஊர்க்காரர்

கம்பெனி இந்த முறை அனுப்பியது வெள்ளைக்காரரை அல்ல, யூசுப்கானை. ராமநாதபுரம் சீமையில் பனையூரில் மருதநாயகமாகப் பிறந்து, மதம் மாறி, சிப்பாயாகச் சேர்ந்து, படைத்தலைவராக உயர்ந்தவர். கமல்ஹாசன் 1997-ல் ராணி எலிசபெத்தை அழைத்துத் தொடங்கி, பாதியில் நின்றுபோன படத்தின் நாயகன் இவர்தான். பூலித்தேவர் கதையில் அவர்தான் வில்லன். ஆனால் சாதாரண வில்லன் இல்லை. எதிராளியை நன்றாகப் புரிந்துகொண்டவர்.

கோட்டையை உடைக்கும் முன் கூட்டணியை உடைக்கணும் என்று யூசுப்கான் கணக்குப் போட்டார். 1759-ல் திருவிதாங்கூரோடு பேசினார். களக்காடு பகுதியை விட்டுக்கொடுத்தார். முன்பு பூலித்தேவரோடு நின்ற அதே திருவிதாங்கூர்ப் படை இப்போது அவருக்கு எதிராக வந்தது. கூட்டணிப் பாளையங்கள் ஒவ்வொன்றாக அடிவாங்கின.

அந்த வருஷக் கடைசியில் யூசுப்கான் வாசுதேவநல்லூர்க் கோட்டையை முற்றுகையிட்டார். உள்ளே இருந்தவர்கள் சுவரைக் காத்தார்கள். வெளியே நெற்கட்டும்செவலில் இருந்து பூலித்தேவர் படையோடு வந்து முற்றுகையிட்டவர்களின் முதுகில் அடித்தார். இரண்டு பக்கமும் இடி வாங்கிய யூசுப்கான், பெருத்த சேதத்தோடு திரும்ப வேண்டியதாயிற்று.

இந்தப் போர்களைச் சுற்றித்தான் ஒண்டிவீரன், வெண்ணிக்காலாடி கதைகள் இன்றும் வாய்மொழியாக நிற்கின்றன. ஒண்டிவீரன் அருந்ததியர், படைப்பிரிவு ஒன்றின் தலைவர். தனியாளாக எதிரி முகாமுக்குள் புகுந்து நாசம் செய்தவர், அதில் ஒரு கையை இழந்தவர், அதற்காக வருந்திய பூலித்தேவரைத் தேற்றியதும் அவரேதான் என்பார்கள். வெண்ணிக்காலாடி தேவேந்திரகுலத்தைச் சேர்ந்தவர். வயிறு கிழிந்து குடல் சரிந்தபோது தலைப்பாகைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு சண்டையை முடித்துவிட்டு, பூலித்தேவர் மடியிலேயே உயிரை விட்டார் என்பது கதை. ஒவ்வொரு விவரமும் அப்படியே நடந்ததா என்று தேடுவதைவிட, ஒரு விஷயத்தைக் கவனிக்கலாம். கோட்டைச் சுவரில் நின்றது ஒரே சாதி இல்லை. இதைச் சொல்வது பூலித்தேவரைப் புகழும் எழுத்தாளர்கள் அல்ல. அந்த மக்களே தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தது.

தனித்து விடப்பட்ட கோட்டை

பூலித்தேவர் வெளியுதவி தேடாமல் இல்லை. பிரெஞ்சுக்காரர்களையும் மைசூர் ஹைதர் அலியையும் நம்பிப் பார்த்தார். ஹைதருக்கு மராட்டியர்களோடு சண்டை. பிரெஞ்சுக்காரர்கள் கதை 1761 ஜனவரியில் பாண்டிச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்ததோடு முடிந்தது. இனி அந்தப் பக்கம் இருந்து யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்ததும், சேத்தூர், ஊத்துமலை, சுரண்டை எல்லாம் பக்கம் மாறின. அவர்களைத் துரோகிகள்னு திட்டுவது சுலபம். ஆறு வருஷமாக ஒவ்வொரு அறுவடையிலும் வயல் எரிந்தால், சின்னப் பாளையத்துக்காரர் என்ன செய்வார் என்பதையும் யோசிக்கணும்.

யூசுப்கான் கேட்ட பெரிய பீரங்கிகள் திருச்சியில் இருந்து 1760 செப்டம்பரில்தான் வந்து சேர்ந்தன. மண் சுவருக்கு இப்போது சரியான ஆயுதம் வந்துவிட்டது. நெற்கட்டும்செவல் மேல் சுமார் இரண்டு மாதம் விடாமல் குண்டு விழுந்தது. 1761 மே 16 வாக்கில் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் என மூன்று முக்கியக் கோட்டைகளும் கைமாறின. பூலித்தேவர் பிடிபடவில்லை. ராமநாதபுரம் பக்கம் கடலாடியில் இருந்தார் என்கிறார்கள்.

யூசுப்கானின் முடிவு தனிக் கதை. தெற்கை அடக்கிக் கொடுத்தவர் தனி ஆட்சிக்கு ஆசைப்படுகிறார் என்று நவாபும் கம்பெனியும் முடிவுசெய்து, அவர் மேலேயே படை அனுப்பின. 1764 அக்டோபர் 15-ல் மதுரையில் தூக்கிலிடப்பட்டார். உடனே பூலித்தேவர் திரும்பி வந்தார்! ஐம்பதை நெருங்கும் வயசில் நெற்கட்டும்செவலை மறுபடி பிடித்தார்.

மூன்று வருஷம் ஓடியது. 1767-ல் கேம்ப்பெல் பெரிய பீரங்கிகளோடு வாசுதேவநல்லூருக்கு வந்தார். சுவரில் ஓட்டை விழ விழ, உள்ளே இருந்தவர்கள் குண்டுமழைக்கு நடுவே நின்று மண்ணாலும் வைக்கோலாலும் பனையோலையாலும் அதை அடைத்தார்கள். எதிரியே வியந்த காவல் அது. ஒரு வாரம் தாங்கியது. கொட்டும் மழை பெய்த ஒரு ராத்திரியில் பூலித்தேவரும் ஆட்களும் கோட்டையை விட்டு வெளியேறி மலைப்பக்கம் மறைந்தார்கள்.

அதற்குப் பிறகு அவரைப் பற்றி ஆங்கிலேயர் பதிவுகளில் உறுதியான தகவல் இல்லை. தலைமறைவாகவே இறந்துபோனார் என்பது பாடப்புத்தகம் சொல்வது. ஊர் சொல்வது வேறு. நம்பவைத்துப் பிடித்துக்கொடுத்தார்கள்; கைவிலங்கோடு பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோகும் வழியில், சங்கரன்கோவிலில் சாமி கும்பிட்டுக்கொள்ள அனுமதி கேட்டார்; சன்னிதியில் நின்று பாடியபோது விலங்கு தெறித்து விழுந்தது; ஜோதியில் கலந்து மறைந்தார். சங்கரநாராயணர் கோயிலில் அவர் மறைந்த இடமாக ஓர் அறையைக் காட்டுவார்கள். தூக்கிலிட்ட கட்டபொம்மனுக்கு கயத்தாற்றில் ஓர் இடம் இருக்கிறது. உடலே கிடைக்காத பூலித்தேவருக்கு ஊர் தானே ஓர் இடம் ஒதுக்கிக் கொடுத்திருக்கு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கோமதி அம்மனிடம் புற்றுமண் வாங்கப் போகும் கூட்டத்தில் பலர் அந்த அறையைக் கவனிக்காமலே தாண்டிப் போகிறார்கள்.

நெற்கட்டும்செவலில் அவருக்கு அரசு நினைவு மாளிகை இருக்கிறது. ஒண்டிவீரனுக்குப் பாளையங்கோட்டையில் மணிமண்டபம். 2022-ல் தபால்தலையும் வெளியானது. ஒரே கோட்டையில் நின்றவர்களுக்கு இப்போது நாள் தனி. ஒண்டிவீரனுக்கு ஆகஸ்ட் 20, பூலித்தேவருக்கு செப்டம்பர் 1. இடையில் 12 நாள்தான். இரண்டுக்கும் வெளியூர்களில் இருந்து வண்டி வண்டியாக ஆட்கள் வருவதால், மோதல் வந்துவிடக் கூடாதே என்று பல வருஷங்களில் இந்தப் பகுதியில் தடை உத்தரவு போட்டிருக்கிறார்கள். நெற்கட்டும்செவலைச் சாவகாசமாகப் பார்க்கணும்னா அந்தத் தேதிகளை விட்டுவிட்டு வேறொரு நாள் போங்க. தென்காசி - ராஜபாளையம் ரோட்டில் வாசுதேவநல்லூர் வரும்போது மேற்கே மலையைப் பாருங்க. அன்றைக்கு ராத்திரி மழைக்குள் அவர்கள் போனது அந்தப் பக்கம்தான்.